எல்லாரும் ஏழு போட்டால் எதை அளந்தோம்?

கேள்வி (மே 12)

அக்கா, நான் கல்வியியல் இறுதியாண்டு. ஆய்வேட்டுக்காக, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்திருக்கும் முதலாம் வருட மாணவர்களிடம் எதற்காகப் படிக்கிறார்கள் என்பதை 28 கூற்றுகளால் அளக்கும் கல்வி ஊக்கல் அளவுத்திட்டத்தைத் தமிழில் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். ஏறக்குறைய எல்லாரும் எல்லாவற்றுக்கும் 6, 7 என்று போட்டிருக்கிறார்கள். ‘ஊக்கல் இல்லை’ என்கிற பகுதிக்கு மட்டும் வரிசையாக 1. பிள்ளைகள் பொய் சொல்லியிருக்கிறார்கள், இந்தத் தரவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் மேற்பார்வையாளர். எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இவ்வளவு ஊக்கல் இருக்கிறதா? இல்லை, நான் வேறெதையோ அளந்துவிட்டேனா?

மே 12, இரவு

பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லை ஆய்வேட்டில் எங்கேயும் எழுதிவிடாதீர்கள் தங்கச்சி.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். வினாக்கொத்தை எங்கே வைத்துக் கொடுத்தீர்கள்? பக்கத்தில் யார் நின்றார்கள்? மேலே ஆளை அடையாளம் காட்டும் சுட்டெண் எழுதச் சொன்னீர்களா?

மே 13

பதிலைப் பார்த்தேன். விரிவுரை மண்டபம், விரிவுரையாளர் முன்னால், சுட்டெண் கட்டாயம்.

அந்தப் பிள்ளைகளின் இடத்தில் இருந்து பாருங்கள். சுட்டெண் எழுதிய தாள் என்றால் இதுவரைக்கும் அவர்களுக்கு இரண்டே வகைதான்: பரீட்சைத் தாள், இல்லாவிட்டால் உதவித்தொகை விண்ணப்பம். இரண்டிலுமே தன்னைக் குறைத்துக் காட்டியவனுக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. மகாபொல உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த கை ஆறுவதற்குள் உங்கள் தாளும் போயிருக்கிறது. ‘நான் இங்கே நேரத்தை வீணாக்குகிறேன் போலிருக்கிறது’ என்கிற கூற்றுக்கு எந்தப் பிள்ளை 5 போடும்? அம்மா காதுத்தோட்டை அடகு வைத்துப் பெட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பி இரண்டு மாதம் ஆகவில்லை.

நானும் இதையேதான் செய்தேன். 2014இல் முதுமாணிப் பட்ட ஆய்வுக்காக இதே அளவுத்திட்டத்தைத் தமிழாக்கி, ஒரு கல்வி நிறுவனத்தில், முதல் வரிசையில் பொறுப்பாளர் உட்கார்ந்திருக்க, எல்லாருக்கும் கொடுத்தேன். ஏறக்குறைய உங்களுக்கு வந்த மாதிரியேதான் எனக்கும் வந்தது. அப்போது எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. மலையகப் பிள்ளைகளின் ஊக்கல் உயர்ந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. ஏழாம் எண்ணுக்குப் பின்னால் இருந்த பயத்தை நான் பார்க்கவில்லை.

மே 14

நிறையப் பேர் கேட்டதால் அளவுத்திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்.

கனடாவின் மொன்றியலைச் சேர்ந்த ரொபர்ட் வலராண்டும் அவரோடு இருந்தவர்களும் 1992இல் வெளியிட்டது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரின் உளவியல் சார்ந்த சுயநிர்ணயக் கோட்பாடுதான் அடித்தளம். ஊக்கல் உண்டா இல்லையா என்பதோடு அந்தக் கோட்பாடு நிற்பதில்லை, எந்த மாதிரி ஊக்கல் என்று பார்க்கிறது. ஒரு பக்கத்தில் உள்ளார்ந்த ஊக்கல்: அறிந்துகொள்வதற்காக, ஒன்றைச் செய்து முடிக்கும் நிறைவுக்காக, படிக்கும்போது மனம் பொங்குவதற்காக என்று மூன்று. நடுவில் புற ஊக்கல், அதிலும் மூன்று: நான் தேர்ந்த தொழிலுக்கு இது உதவும் என்று நானே ஒப்புக்கொண்டு படிப்பது, என்னால் முடியும் என்று எனக்கே காட்டுவதற்காகப் படிப்பது, சம்பளத்துக்கும் பதவிக்குமாகப் படிப்பது. கடைசியில் ஊக்கலின்மை. மொத்தம் ஏழு பகுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கூற்று. ஒவ்வொரு கூற்றையும் 1 முதல் 7 வரை மதிப்பிட வேண்டும். 1 என்றால் எனக்குச் சிறிதும் பொருந்தாது, 7 என்றால் அப்படியே பொருந்துகிறது.

இங்கேயே முதல் சிக்கல் வருகிறது. பொருந்துவதற்கான எண்ணைப் பிள்ளைகள் புள்ளியாக எடுத்துக்கொள்கிறார்கள். 7க்கு 7 எடுத்தால் நல்ல பிள்ளை. நான் இப்போது எண்ணே போடுவதில்லை. கட்டங்களை மட்டும் வரைந்து இரண்டு முனையிலும் சொல்லை எழுதிவிடுகிறேன். சின்ன மாற்றம்தான், ஆனால் தாளைத் திருப்பி வாங்கும்போதே வித்தியாசம் தெரிகிறது.

அடுத்தது மொழி. எல்லாக் கூற்றுக்கும் தலைக்கேள்வி ஒன்றுதான்: கல்லூரிக்கு ஏன் போகிறீர்கள்? நான் அதை அப்படியே எழுதினேன். இரண்டு தவறு.

எங்களுக்குக் ‘கல்லூரி’ என்றால் பாடசாலை. மத்திய கல்லூரி, மகளிர் கல்லூரி, தேசிய கல்லூரி எல்லாமே பாடசாலைகள். இந்தியாவில் கல்லூரி என்று சொல்வதை நாங்கள் கம்பஸ் என்கிறோம், எழுதினால் பல்கலைக்கழகம். ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறவர்கள் கல்வியியற் கல்லூரி என்பார்கள். என்னிடம் தாள் வாங்கியவர்களில் சிலர் தாங்கள் உயர்தரம் படித்த பாடசாலையை நினைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறார்கள். அது ஒரு வருடம் கழித்து, பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது.

மற்றது ‘ஏன்’. எங்கள் பக்கத்தில் ‘ஏன் போறே?’ என்று கேட்டால் போகாதே என்று பொருள். வாசலில் நிற்கிற பிள்ளையிடம் பாட்டி கேட்கிற கேள்வி அது. கேட்ட உடனே பிள்ளை தன் பக்க நியாயத்தைச் சொல்லத் தொடங்கிவிடும். ‘எதற்காக’ என்று மாற்றினால் அந்த அதட்டல் போய்விடுகிறது.

மே 14, பின்னேரம்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 1992 ஆங்கில வடிவத்தின் ஆண்டு. மூலம் பிரெஞ்சு மொழியில், 1989. ஆங்கிலமே ஒரு மொழிபெயர்ப்புத்தான். நாங்கள் மூலம் என்று பயந்து பயந்து தொடுவதும் ஒருவர் உட்கார்ந்து சொல் தேடி எழுதியதே. ஆகவே சொல்லை மாற்றக் கூசாதீர்கள். ஆனால் எதை, எதற்காக மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள்.

மே 17

நீங்களும் ‘கிளர்ச்சி’ என்ற சொல்லைத்தான் போட்டீர்களா என்று கேட்ட தம்பிக்கு.

ஆம், நானும் அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தேன். படிக்கும்போது மனம் பொங்குவதைச் சொல்லும் நான்கு கூற்றுக்கும் ‘கிளர்ச்சி’ என்று அகராதியைப் பார்த்து எழுதினேன். அந்த நான்குக்கு மட்டும் பதில்கள் சரிந்து கிடந்தன. மாணவர் சங்கம் பகிஷ்கரிப்பு நடத்திக்கொண்டிருந்த மாதம் அது. ‘மிஸ், நாங்க கிளர்ச்சிக்கெல்லாம் போறதில்ல’ என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று சொன்னாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் அவளிடம் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

இப்போது ‘நல்ல புத்தகம் ஒன்றில் ஆழ்ந்து போகும்போது நேரம் போவது தெரியாமல் இருப்பதால்’ என்பது மாதிரி எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது, பரவாயில்லை.

மே 25

ஒரு வாரமாக மழை, மின்சாரமும் இல்லை. தள்ளிப் போட்டதை இன்றைக்கு எழுதுகிறேன்.

2014இல் தாள் வாங்கிய பிறகு சிலரை உட்காரவைத்துப் பேசினேன். அதில் ஒரு தம்பி. பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம். சம்பளம், பதவி, வசதியான வாழ்க்கை என்ற கூற்றுகளுக்கெல்லாம் 7. புதியதை அறியும் சந்தோஷம், ஆழ்ந்து போவது என்பவற்றுக்கு 2, 1. கோட்பாட்டின்படி பார்த்தால் முழுக்கப் புற ஊக்கல், கவலைப்பட வேண்டிய ஆள்.

ஆனால் அந்தப் பிள்ளையைப் போல ஒரு விஷயத்தைத் தோண்டித் தோண்டிப் படிப்பவனை நான் அதிகம் பார்த்ததில்லை. நூலகம் மூடும் வரை இருப்பான். நான் கொடுத்த கட்டுரையில் ஒரு வரைபடம் பிழை என்று எனக்கே காட்டினான். பிறகேன் 1 போட்டாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்:

“மிஸ், எனக்கு ஆசைன்னு எழுதினா, அம்மா அங்க மழைக்குள்ள நிக்கிறப்ப நான் இங்க ஆசைக்குப் படிக்கிறேன்னு ஆகுமே. அம்மாவ மலையிலருந்து இறக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

அந்த வருடம் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

அம்மாவை மலையிலிருந்து இறக்குவது என்பதை அளவுத்திட்டத்தில் எங்கே வைப்பது? சம்பளக் கூற்றில்தான் அவன் போட்டான், வேறு இடம் இல்லாததால். ஆனால் அது காசாசை இல்லை. ‘எனக்கே நிரூபிப்பதற்காக’ என்பதும் இல்லை. நானே ஒப்புக்கொண்ட காரணம் என்கிற பகுதி கொஞ்சம் கிட்ட வருகிறது, ஆனால் அதன் கூற்றுகள் எல்லாம் தொழிலைப் பற்றியவை. 28 கூற்றிலும் அம்மா இல்லை, தங்கை இல்லை, வீடு இல்லை. ‘நான்’ மட்டும்தான். இங்கேதான் அளவுத்திட்டம் எங்கள் பிள்ளைகளிடம் தோற்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மொழிபெயர்ப்பை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. இல்லாத கூற்றை மொழிபெயர்க்க முடியாதே.

மே 26

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு, குடும்பத்துக்காகப் படிப்பது வெளி அழுத்தமே என்கிறார்.

1999இல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எழுத்துகளை மாற்றியடுக்கிச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். சிலர் எந்தத் தொகுதி என்று தாங்களே தெரிவு செய்தார்கள். சிலருக்கு ஆய்வாளர் தெரிவு செய்தார். சிலரிடம் ‘இதை உன் அம்மா தெரிவு செய்தார்’ என்று சொன்னார்கள். வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தெரிவு செய்தபோதுதான் நன்றாகச் செய்தார்கள். ஆசிய அமெரிக்கப் பிள்ளைகள் அம்மா தெரிவு செய்தது என்று கேட்டபோது எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்தார்கள். பிறகு ஓய்வு நேரத்திலும் அதையே எடுத்து விளையாடினார்கள். அம்மா அவர்களுக்கு வெளியே நின்று தள்ளுகிற ஆள் இல்லை.

அதே 1999இல் அண்ட்ரூ ஃபுலிக்னியும் மற்றவர்களும் ஆசிய, லத்தீன் அமெரிக்க, ஐரோப்பியப் பின்னணியுள்ள அமெரிக்கப் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் குடும்பக் கடமையை அளக்கத் தனிக் கூற்றுகளே எழுதினார்கள். நாங்களும் எழுதலாம்.

எல்லாக் குடும்பக் காரணமும் இனிக்கும் என்று நான் சொல்லவில்லை. ‘அப்பா சொன்னார், வந்தேன்’ என்று சுவரைப் பார்த்துச் சொன்ன பிள்ளைகளும் உண்டு. அந்தத் தம்பி சொன்னதும் இதுவும் ஒரே கூற்றுக்குள் அடங்காது. பிரித்துக் கேட்க வேண்டும்.

ஜூன் 2

எலியட்டின் இலக்கு வினாக்கொத்தைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள்.

அன்ட்ரூ எலியட்டும் ஹொலி மக்கிரெகரும் 2001இல் செய்தது. 12 கூற்று, நான்கு வகை இலக்கு. விஷயத்தைக் கற்றுத் தேர்வது ஒன்று, மற்றவர்களை முந்துவது இன்னொன்று. இரண்டிலும் எட்டிப் பிடிக்கும் பக்கமும் உண்டு, தவறிவிடாமல் காத்துக்கொள்ளும் பக்கமும் உண்டு. வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் கற்றுத் தேர்வது நல்லது, முந்துவது அவ்வளவு நல்லதில்லை என்கிற மாதிரிச் சொல்லி விடுகிறார்கள்.

எங்கள் பிள்ளையிடம் போய் மற்றவனை முந்த நினைப்பது நல்லதில்லை என்று எப்படிச் சொல்வது? 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. நீ எவ்வளவு எடுத்தாய் என்பதைவிடச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்பதுதான் கணக்கு. பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உள்ளே வரும் வாசலே வரிசைப்படுத்துகிற வாசல். ஹற்றனில் டியூஷன் முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைக்கு மாவட்ட நிலை எத்தனை என்பது தலைக்கனம் இல்லை, கதவு திறக்குமா என்பதுதான்.

உள்ளே வந்த பிறகு அந்த எண் ஒரே நாளில் செத்துப் போகிறது. இனி யாரை முந்துவது? முதல் அரையாண்டில் சோர்ந்து போகும் பிள்ளைகளில் பலர் ஊக்கலை இழந்தவர்கள் இல்லை. பதின்மூன்று வருடம் ஓடிய ஓட்டத்தின் எல்லைக்கோடு பின்னால் போய்விட்டது, அடுத்த கோடு எங்கே என்று யாரும் காட்டவில்லை. முதல் வாரத்தில் ஒரு தடவையும் ஆறு மாதம் கழித்து ஒரு தடவையும் கேட்டால் இது தெரியும். ஒரே தடவை அளந்தால் தெரியாது.

காத்துக்கொள்ளும் பக்கத்தைப் பற்றி எழுதினால் நாள் போதாது. கம்பஸ் கிடைத்ததும் சந்தியில் பெனர் கட்டுகிறார்கள். முகம், பெயர், தோட்டத்தின் பெயர், கோயில் கமிட்டியின் வாழ்த்து. தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுவதும் பஸ் ஏற்ற வருகிறது. அந்தப் பெனர் வெயிலில் வெளுத்து, மழையில் கிழிகிற வரைக்கும் அங்கேயே தொங்கும். முதல் அரையாண்டில் ஒரு பாடம் சறுக்கிய பிள்ளை தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருந்தது எனக்குத் தெரியும். சந்தியில் இறங்கினால் தன் முகத்தையே பார்க்க வேண்டும் என்றாள்.

ஜூன் 2, இரவு

எலியட்டும் கூ முராயாமாவும் 2008இல் அந்த 12 கூற்றையும் திருத்தினார்கள். பழையதில் இலக்கைக் கேட்க வேண்டிய இடத்தில் பயத்தைக் கேட்ட கூற்றும் இருந்தது. எதை அடைய நினைக்கிறாய் என்பது ஒன்று, எதற்குப் பயப்படுகிறாய் என்பது வேறு. பெனரின் கதையில் பயம்தான் இருக்கிறது, இலக்கு இல்லை. மேலே இரண்டையும் கலந்து எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளையின் இலக்கு என்ன என்று நான் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

திருத்திய வடிவத்தையே எடுங்கள்.

ஜூன் 9

‘குரொன்பாக் அல்பா 0.9க்கு மேல் வந்தது, பிறகு என்ன பிரச்சினை’ என்று எழுதியவருக்கு.

அல்பா சொல்வது கூற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து அசைகின்றனவா என்பதை மட்டும். பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் 7, மீதிப் பேர் எல்லாவற்றுக்கும் 5 என்று கண்ணை மூடிப் போட்டால் அல்பா அழகாக உயரும். எல்லாருமே 7 போட்டால் மாறுபாடே இல்லாமல் போய் அதைக் கணக்கிடவே முடியாது. நீங்கள் கேட்க நினைத்ததைத்தான் அவர்கள் வாசித்தார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை. கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் ஏறும். நான்கே கூற்றுள்ள பகுதிக்கு 0.7 வராவிட்டால் உடனே தூக்கி எறியவும் வேண்டாம், முதலில் பிள்ளைகளிடம் போய்ப் பேசுங்கள்.

என் வழி இது. ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். றிச்சர்ட் பிறிஸ்லின் 1970இல் விளக்கிய முறை, இன்றைக்கும் நல்ல முறை. எனக்கு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் திருப்பிக் கொடுத்தார். நேரத்தை வீணாக்குவது பற்றிய கூற்று ‘நேர்மையாகச் சொன்னால்’ என்று தொடங்கும், அது அவர் கையிலிருந்து ‘சத்தியமாக’ என்கிற பொருளில் ஆங்கிலமாகி வந்தது. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. யார் அதற்குக் கூட்டிப் போடுவார்கள்?

அதன் பிறகு ஐந்தாறு பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கூற்றைச் சத்தமாக வாசித்து, மனசில் என்ன வருகிறது என்று சொல்லச் சொல்ல வேண்டும். நான் இதைப் பேராதனையிலிருந்து ஹற்றன் போகிற ரயிலில் செய்தேன். நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கினால் வண்டி மெதுவாகத்தான் போகும், நேரம் தாராளம். விரிவுரை மண்டபத்தில் பேசாத பிள்ளை அங்கே பேசியது. பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒரு ஐயா, ‘சம்பளத்துக்குப் படிக்கிறதுல என்ன மகள் வெட்கம்’ என்று நடுவில் புகுந்து அரை மணிநேரம் தன் கதை சொன்னார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 10

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்த்து வாசியுங்கள். தரவில் கழிப்பதைப் பற்றி.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போவேன். மழை நாளில் கொழுந்து பாரமாக இருக்கும். நிறுத்து எண்ணைச் சொல்வார்கள், பிறகு சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அம்மா தராசோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. கழிக்கிற கணக்கோடுதான் சண்டை. எல்லாருக்கும் ஒரே கழிவு என்றால், காலையிலேயே மழைக்கு முன்னால் ஓடி ஓடிப் பறித்தவளுக்கும் அதே கழிவுதான்.

தங்கச்சி, உங்கள் மேற்பார்வையாளர் எல்லாருடைய தாளிலிருந்தும் ஒரே அளவு தண்ணியைக் கழிக்கப் பார்க்கிறார். நல்ல பெயருக்காக ஏழு போட்டவனும் உண்டு, உள்ளபடியே ஏழானவளும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. பெயரில்லாமல், விரிவுரையாளர் இல்லாமல், வேறொரு நாளில் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்காதவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

ஜூன் 21

இதற்குக் கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன். காசு கொடுத்தால் உள்ளார்ந்த ஊக்கல் கெடும் என்று ஆய்வு சொல்கிறதாம், ஆகவே உதவித்தொகைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவாம்.

டெசி 1971இல் செய்தது புதிர்க்கட்டைகளை வைத்து. தாமாகவே ரசித்து விளையாடியவர்களுக்குக் காசு கொடுத்து, பிறகு நிறுத்தினார், ஆர்வம் குறைந்தது. லெப்பரும் மற்றவர்களும் 1973இல் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்ததும் அப்படித்தான். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பிறகு வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ‘இதைச் செய்தால் இது’ என்கிற பேரம்தான் அங்கே விஷயம்.

1981இல் தொடங்கிய மகாபொல எங்கள் பிள்ளைக்கு விளையாட்டுக்குக் கொடுத்த பரிசு இல்லை. அது போர்டிங் வாடகை, பஸ் காசு, இரவுச் சாப்பாடு. அது வராத மாதத்தில் பிள்ளை வகுப்புக்கு வராது, அதை ஊக்கலின்மை என்று யாரோ எழுதுவார்கள். அளப்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

ஜூன் 22

நேற்று எழுதியதில் எதையும் மாற்றப் போவதில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஊக்கல் என்பது ஆளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குணம் என்கிற மாதிரி எழுதுவதை நிறுத்துவோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போல் பின்ட்ரிச்சும் மற்றவர்களும் 1991இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 81 கூற்று, 31 ஊக்கலுக்கு. அவர்கள் கேட்டது முழுப் படிப்பையும் பற்றியில்லை, ஒரு பாடநெறியைப் பற்றி. அதே பிள்ளை புள்ளிவிபரவியலில் ஓர் ஆள், வரலாற்றில் இன்னோர் ஆள். அந்தப் பாடம் சிங்களத்திலா, ஆங்கிலத்திலா, தமிழிலா நடக்கிறது என்பதைக் கேட்காமல் எங்கள் பிள்ளைகளின் எண்ணை வாசிக்கவே முடியாது.

ஜூலை 5

தங்கச்சி தனிமடலில் அனுப்பியதை அவருடைய சம்மதத்தோடு இங்கே சொல்கிறேன். மேற்பார்வையாளர் இன்னொரு தடவை தரவு எடுக்க ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர், நான் அவரைப் பற்றி அவசரப்பட்டு எழுதியதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த முறை சுட்டெண் இல்லை. தாள்களை ஒரு பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறார் தங்கச்சி. எண்ணில்லாத கட்டங்கள், ‘பல்கலைக்கழகத்துக்கு எதற்காக வருகிறீர்கள்’ என்கிற தலைக்கேள்வி, வீட்டைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய ஆறு புதுக் கூற்றுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுவதற்கு ஒரு வெற்றிடம், அதன் மேல் ஒரே கேள்வி: இன்றைக்கு வகுப்புக்கு வந்தது எதற்காக?

அந்த ‘இன்றைக்கு’ தங்கச்சியின் யோசனை, என்னுடையதில்லை. வாழ்க்கை முழுவதற்குமான காரணத்தைக் கேட்டால் எல்லாரும் அம்மாவையும் தொழிலையும் எழுதுவார்கள். இன்றைக்கு என்று கேட்டால் இன்றைக்கு நடந்ததை எழுதுவார்கள் என்று நினைத்திருக்கிறார். சரியாகவே நினைத்திருக்கிறார்.

வந்ததில் ஒன்று: ‘வரவு 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள்.’ இன்னொன்று: ‘தோழி வந்தாள், நானும் வந்தேன்.’ ஒரு பிள்ளை, ‘போன கிழமை மிஸ் பாதியில் விட்ட கணக்கின் விடை தெரிய வேண்டும்’ என்று எழுதியிருக்கிறாள். கீழே விடையையும் தானே போட்டுப் பார்த்திருக்கிறாள், சரியா என்று ஒரு கேள்விக்குறியோடு.

இன்னொரு தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன். ‘போர்டிங்கில் கூரை ஒழுகுகிறது. இங்கே காய்ந்த இடம். வந்த பிறகு பாடம் நன்றாக இருந்தது, இரண்டாவது வகுப்புக்கும் இருந்துவிட்டேன்.’

தங்கச்சி, இந்தப் பதிலை எந்தப் பகுதியில் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாளாக யோசிக்கிறேன். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் தனித்தனியாகக் குறியிடுங்கள். அந்த இரண்டாவது வகுப்பு என்ன பாடம் என்று நேர அட்டவணையைப் பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு அது தெரிய வேண்டும்.